துரியோதனன் மகன்

போன கார்த்திகையில் ஒரு காலை. செம்பரம்பாக்கம் ஃபிலிம் சிட்டிக்குள் நின்ற ஒரு கேரவனில் என் கையை நீட்டச் சொன்னார்கள். மேக்கப் தம்பி என் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, வெளிச்சம் விழும் ஜன்னல் பக்கம் திருப்பி, செல்போனில் நாலைந்து படம் எடுத்தான். அப்புறம் மும்பையிலிருந்து வந்திருந்த கதாநாயகியின் கையை என் கையோடு ஒட்டி வைக்கச் சொன்னான். அந்தப் பொண்ணின் மணிக்கட்டில் மூன்று விதப் பழுப்பைக் கோடு கோடாக இழுத்தான். முதல் கோடு சிவந்து தெரிந்தது. இரண்டாவது சாம்பல் பூத்தாற்போல இருந்தது. மூன்றாவது கோடு என் தோலோடு அப்படியே கலந்துவிட்டது.

"இதாண்ணே. இது செட்டாயிடுச்சு," என்றான். படத்தில் அவள் வடசென்னைப் பொண்ணு. அந்தப் பொண்ணுக்கு என்ன நிறம் என்பது என் முன்கையைப் பார்த்து முடிவானது.

அந்தப் படத்தில் எனக்கு வேஷம் கிடையாது. பாஷை சொல்லிக்கொடுக்க வந்திருந்தேன். நாள் சம்பளம், பேட்டா தனி. டயலாக் பேப்பர் கையில் வந்ததும் அவளோடு உட்கார்ந்து, "இழுத்துக்கொண்டு" என்று எழுதியிருப்பதை "இஸ்துகினு" என்று சொல்ல வைக்க வேண்டும். நல்ல பொண்ணு. ஒவ்வொரு சொல்லையும் இந்தி எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டாள். தப்பாகச் சொன்னால் தானே நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி சொன்னாள். மூன்றாம் நாள் என்னிடம், "மாஸ்டர், இந்தப் படத்துல உங்க ரோல் என்ன?" என்று கேட்டாள். இல்லை என்றதும் அவள் முகம் வாடியதைப் பார்த்தேன்.

அந்த கேரவனிலிருந்து நசரத்பேட்டையில் என் வீட்டுக்கு வண்டியில் பத்து நிமிஷம். நான் பையனாக இருந்தபோது இந்தப் பக்கமெல்லாம் வயலும் ஏரிக்கரையுமாகக் கிடந்தது. பெங்களூர் ரோடு அப்போது இவ்வளவு அகலமில்லை. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகிற வெளிவட்டச் சாலை எங்கள் ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது மிகவும் பின்னால். இந்த இடத்தில் முதலில் ராட்டினமும் தண்ணீர் விளையாட்டுமாக ஒரு பூங்கா வந்தது. அது போய் ஃபிலிம் சிட்டி வந்தது. பிக் பாஸ் வீடு என்று தமிழ்நாடே பார்த்த வீடு இங்கேதான் இருந்தது. 2020 பிப்ரவரி 19 ராத்திரி 'இந்தியன் 2' செட்டில் கிரேன் சரிந்து 3 பேர் உயிரை விட்டதும் இங்கேதான். மூன்று பேருமே கேமராவுக்குப் பின்னால் நின்று உழைத்தவர்கள். வழக்குப் பதிவானது எங்கள் ஊர் ஸ்டேஷனில். அந்த ராத்திரி ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுத் தெருவே வாசலில் நின்றது. கேமராவில் விழாத முகங்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சத்தம்தான் முதலில் காதில் விழும்.

இப்போது என் அப்பாவை, எங்கள் நைனாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நைனா மூணாம் கிளாஸ் வரை படித்தவர். கையெழுத்துப் போடுவார், பஸ் போர்டு எழுத்துக்கூட்டிப் படிப்பார். பகலில் செங்கல் சூளை வேலை. பங்குனி பிறந்துவிட்டால் சுற்றுவட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் கூத்து. அவருக்கு துரியோதனன் வேஷம். வசனம், விருத்தம், பாட்டு எல்லாம் வாத்தியார் சொல்லச் சொல்லக் காதால் வாங்கியது. ஒரு வரிகூடத் தாளில் பார்த்ததில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தால் விடிகிறவரை அந்த வரிகள் குறையாமல் வந்துகொண்டிருக்கும்.

வேஷம் கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கண்ணாடித் துண்டு ஒன்றைத் தொடையில் சாய்த்துக்கொள்வார். முத்துவெள்ளையைத் தேங்காயெண்ணெயில் குழைத்து முகத்தில் கோலம் போல இழுப்பார். துரியோதனனுக்கு முகம் சிவப்பு. நெற்றியிலிருந்து தாடை வரை சிவப்பேறி, அதன்மேல் வெள்ளைப் புள்ளிகள் வரிசை கட்டும்போது அந்த முகத்தில் நைனாவைத் தேடினாலும் கிடைக்கமாட்டார். பிறகு மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம், தோளுக்குப் புஜக்கட்டை, மார்புக்குப் பதக்கம். கட்டைக்கூத்து என்று பேர் வந்ததே அந்தக் கட்டைகளால்தான். இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டிய கால். முகவீணை கிளம்பும். திரை விலகினால் அஸ்தினாபுரத்து ராஜா.

ராஜாவுக்கு சிம்மாசனம் என்று தனியாகக் கிடையாது. ஒரு பெஞ்சு. நைனா அதில் ஒரு காலைத் தூக்கி வைத்து, பிறகு உட்காருவார். பகலில் அவரை "டேய்" என்று கூப்பிட்டு வேலை வாங்கிய ஆள் கூட்டத்தில் மண் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். பதினெட்டாம் போர் முடியும் காலையில், கோயில் வெளியில் மண்ணால் படுக்கப் போட்ட பெரிய துரியோதனன் உருவத்தின் தொடையில் பீமன் அடி விழும். திரௌபதி கூந்தலை முடிவாள். அந்த ராஜாவின் சாவுக்கு ஊர்ப் பெண்கள் அழுததைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் நைனா சூளைக்குப் போவார். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காது மடிப்பில் சிவப்புச் சாயம் ரெண்டு நாள் ஒட்டியிருக்கும். அம்மா அதை முந்தானையால் துடைக்கப் போனால் தலையைத் திருப்பிக்கொள்வார்.

இந்த ராஜாவின் பையன் நான். அஞ்சாம் கிளாஸில் ஒருநாள் வாத்தியார் உள்ளே வரும்போது எழுந்து நின்றிருந்த பக்கத்துப் பையனிடம் "குந்துடா" என்றேன். கை முட்டியில் பிரம்பால் ஆறு அடி. "உட்காருன்னு சொல்லு. குந்துன்றது சேரிப் பேச்சு. வாயைக் கழுவிட்டு வா." குழாயடிக்குப் போய் உண்மையிலேயே வாயைக் கழுவிக்கொண்டு வந்தேன். அதே வருஷம் ஆண்டுவிழாவில் கட்டபொம்மன் நாடகம். எனக்கு ராஜா எப்படி நடப்பான், எப்படி உட்காருவான் என்று எல்லாம் தெரியும். வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவன். "ராஜா வேஷத்துக்குக் கொஞ்சம் கலரா இருக்கணும்டா," என்று சொல்லி எனக்கு வாசல் காவலன் வேஷம் கொடுத்தார்கள். வேலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நைனாவிடம் போய்ச் சொன்னபோது அவருக்கு அது புரியவேயில்லை. "ராஜாவுக்கு இன்னாடா கலரு? மூஞ்சில பூசிக்கினா கலரு," என்றார். கூத்தில் அவ்வளவுதான் கணக்கு. குரல் இருக்கிறதா, அடவு வருகிறதா, விடிய விடிய நிற்கத் தெம்பு இருக்கிறதா. வேஷம் கட்டுகிறவனின் சொந்தத் தோலை யாரும் கேட்டதில்லை.

"குந்து" என்ற சொல் எந்த அகராதியிலும் இருக்கிறது என்பது காலேஜ் லைப்ரரியில்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. "அப்பால" என்பது அப்பால். எந்தப் புலவரும் மறுக்க முடியாத தமிழ். "வலிச்சிகினு போ" என்றால் இழுத்துக்கொண்டு போ. துடுப்பு வலிப்பது என்று சொல்வதில்லையா, அந்த வலி. "துட்டு" டச்சுக்காரர்களின் செப்புக்காசு. "பேஜார்" பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தது. "கஸ்மாலம்" வடமொழி, அழுக்கு என்று அர்த்தம். கோட்டையையும் துறைமுகத்தையும் நம்பி வந்து மூட்டை தூக்கிய ஜனம், வண்டி இழுத்த ஜனம், காதில் விழுந்த எல்லாப் பாஷையையும் வாங்கித் தமிழாக்கிப் புழங்கியது. முந்நூறு வருஷத்து உழைப்பின் வரலாறு அதில் கிடக்கிறது. அதற்காகத்தான் வாயைக் கழுவச் சொன்னார்கள்.

சினிமா அந்தப் பாஷையைச் சேர்த்துக்கொண்டது, உண்மைதான். 'சபாஷ் மீனா'வில் (1958) சந்திரபாபு ரிக்‌ஷாக்காரராக வந்து அதைப் பேசியபோது ஜனங்கள் கொண்டாடினார்கள். அவர் தூத்துக்குடியில் பிறந்தவர். கேட்டுக் கேட்டுப் பழகிக்கொண்ட பாஷை அது. பின்னால் லூஸ் மோகன் வந்தார். இரண்டு பேருமே பெரிய கலைஞர்கள். ஆனால் எத்தனையோ வருஷம் எங்கள் பாஷை திரைக்குள் வந்தாலே தியேட்டர் சிரிப்பதற்குத் தயாராகிவிடும். காதலைச் சொல்ல, சாவு வீட்டில் அழ, கோர்ட்டில் வாதாட அந்தப் பாஷையைக் கூப்பிட்டதில்லை. எங்கள் அம்மா எல்லாவற்றையும் அதில்தான் செய்தார்.

1992-ல் பச்சையப்பன் கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். பூந்தமல்லியிலிருந்து பஸ் பிடித்தால் அந்த ஊர்ப் பேரைச் சுமந்த பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே நேராகப் போய் இறங்கலாம். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். கல்லூரி மேடையில் சாக்ரடீஸ் வேஷம் போட்டேன். அண்ணா படித்த கல்லூரியின் மேடையில் விஷக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி நான் பேசி முடித்தபோது எழுந்த கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது. அங்கே யாரும் என் கலரைக் கேட்கவில்லை. நைனா வந்திருந்தார், கடைசி வரிசையில். வெளியே வந்து, "ராஜா இல்லியா அவுரு?" என்று கேட்டார். இல்லை, வாத்தியார் மாதிரி என்றேன். "சரி, அதுவும் ஒசந்த வேசந்தான்," என்றார்.

படிப்பு வேண்டுமா நடிப்பு வேண்டுமா என்பது இந்த மண்ணில் ரொம்பப் பழைய கேள்வி. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சிறு வயதிலேயே பள்ளியை விட்டு பாய்ஸ் கம்பெனிக்கு வந்தவர்கள். வீட்டு வறுமைக்கு நாடகக் கம்பெனி சோறு போட்டது. படிப்பு அத்தோடு நின்றது. எங்கள் ரோட்டிலேயே இன்னும் மேற்கே போனால் காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல் என்ற ஊர் வரும். கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபால் பத்து வயதில் பள்ளியை விட்டுக் கூத்துக்கு வந்தவர். அவரும் ஹன்னே டி ப்ரூயினும் அங்கே 2002-ல் கட்டைக்கூத்து குருகுலத்தைத் தொடங்கினார்கள். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப் பாடமும் படித்தார்கள், கூத்தும் படித்தார்கள். பெண் பிள்ளைகளும் கட்டை கட்டி ஆடினார்கள். ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டிய நிலைமை அவருக்கு வந்த மாதிரி அடுத்த தலைமுறைக்கு வரக்கூடாது என்ற யோசனை. 2020-ல் அந்தக் குருகுலம் மூடப்பட்டது என்று கேள்விப்பட்டபோது சொந்தத்தில் ஒரு சாவு விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. அப்படி ஓர் இடம் என் சின்ன வயசில் இருந்திருந்தால் நைனா என்னைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார்.

1998-ல் சினிமாவுக்குப் போனேன். ஆல்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு வடபழனி, சாலிகிராமம், விருகம்பாக்கம் என்று கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினேன். பயோடேட்டாவில் பி.ஏ. என்று முதல் வரியில் எழுதியிருந்தேன். ஒருத்தரும் அந்த வரியைப் படித்ததில்லை. ஆல்பத்தைப் புரட்டி, முகத்தைப் பார்த்து, "ரௌடி கேங்ல நிக்கட்டும்" என்பார்கள்.

ஒரு தடவை டாக்டர் வேஷம் கிடைத்தது. இரண்டு சீன், நாலு பக்க டயலாக். ஒரு வாரம் பூந்தமல்லியில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து டாக்டர்கள் எப்படி நோயாளியின் கையைப் பிடிக்கிறார்கள் என்று பார்த்தேன். ஷூட்டிங் அன்றைக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றபோது மானிட்டர் பக்கத்தில் இரண்டு பேர் ஏதோ பேசிக்கொண்டார்கள். அசோசியேட் வந்து தணிந்த குரலில், "அண்ணே, ஃபிரேம்ல நம்பற மாதிரி இல்லையாம்," என்றார். கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு காக்கிச் சட்டை கொடுத்தார்கள். வார்டு பாய். நான் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போக, என் டயலாக்கை வேறொருவர் பேசினார். அந்த நாலு பக்கமும் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

ஒரு ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில், இத்தனை படத்தில், நாற்காலி என்று ஒன்றில் நான் உட்கார்ந்த காட்சி எத்தனை? ஒன்றே ஒன்று. போலீஸ் ஸ்டேஷன், கையைக் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். மற்ற எல்லாப் படத்திலும் நின்றிருக்கிறேன்; யாரோ ஒருவருக்குப் பின்னால், இல்லையென்றால் யாரோ ஒருவருக்கு முன்னால் தலையைக் குனிந்து. மூணாம் கிளாஸ் படித்த நைனா ராத்திரியெல்லாம் சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். பட்டம் வாங்கிய நான் பகலெல்லாம் நிற்கிறேன்.

நைனா என் படம் ஒன்றைத் தியேட்டரில் பார்த்தார். அதில் ஹீரோ என்னை மூன்று அறை அறைவார். வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒரு ராஜா வேசம் கேட்டுப் பார்றா," என்றார். 2009-ல் அவர் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கருப்பாக இருந்தவர்கள் ஜெயிக்கவில்லையா என்று சிலர் கேட்பார்கள். ஜெயித்தார்கள். ரஜினிகாந்த் 1975-ல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது எங்களுக்கெல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கேட் திறந்தது என்று நினைத்தோம். விஜயகாந்த் வந்தார். துணை நடிகனும் தானும் ஒரே சாப்பாடு சாப்பிட வேண்டும் என்று அவர் வைத்த வழக்கத்தை எங்கள் ஆட்கள் இன்னும் கண் கலங்கச் சொல்வார்கள். 2023 டிசம்பரில் அவர் இறந்தபோது எங்களில் பலர் அன்றைக்கு வேலைக்கே போகவில்லை. ஆனால் அவர்களுக்கு ஜோடியாக வந்த பெண்கள் எந்த நிறத்தில் இருந்தார்கள்? ஹவுசிங் போர்டில் வளர்ந்த ஐஸ்வர்யா ராஜேஷ், நிறத்தைக் காட்டித் தன்னைத் தட்டிக்கழித்ததை ஒரு மேடையில் நின்று வெளிப்படையாகச் சொன்னார். தமிழ் பேசுகிற பெண், எதிரிலேயே நிற்கிறாள், அவளைக் கதாநாயகியாகப் பார்க்கக் கண் பழகவில்லை. 'காக்கா முட்டை' (2015) வந்து, இரண்டு பையன்களுக்குத் தாயாக அவர் நின்ற பிறகுதான் பார்த்தார்கள்.

என் மகள் விஸ்காம் படிக்கிறாள். கேரவனில் நடந்ததை அவளிடம் சொன்ன அன்றைக்கு, லேப்டாப்பைத் திறந்து ரீட்டா மொரேனோ என்ற நடிகையைப் பற்றிக் காட்டினாள். புவேர்ட்டோ ரிகோவில் 1931-ல் பிறந்து சின்ன வயதில் நியூயார்க் போனவர். 1961-ல் வந்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' படத்தில் அனிடா என்ற புவேர்ட்டோ ரிகோ பெண்ணாக நடித்தார். கதைப்படி கதாநாயகி மரியாவும் புவேர்ட்டோ ரிகோ பெண். அந்த வேஷத்தைச் செய்தவர் ரஷ்யப் பெற்றோருக்குப் பிறந்த நடாலி வுட். புவேர்ட்டோ ரிகோக்காரர்களாக வந்த எல்லார் முகத்திலும் ஒரே பழுப்பு மாவை அப்பினார்களாம், ரீட்டா முகத்திலும். அந்த மண்ணிலேயே பிறந்தவளின் நிறம் அந்த மண்ணுக்குப் போதவில்லை. எங்கள் ஜனத்தில் எத்தனையோ நிறம் உண்டே என்று அவர் மேக்கப் மேனிடம் கேட்டதற்கு, நீ நிறவெறி பிடித்தவளா என்று திருப்பிக் கேட்டானாம். அந்த வேஷத்துக்கு ஆஸ்கர் வாங்கினார். வாங்கிய பிறகும் அதே தினுசு கேங் படங்கள்தான் தேடி வந்தன, வருஷக்கணக்கில் படமே செய்யாமல் இருந்தேன் என்று சொல்லியிருக்கிறார். அறுபது வருஷம் கழித்து, ஸ்பீல்பெர்க் எடுத்த அதே கதையில் அதே அனிடா வேஷத்துக்கு அரியானா டிபோஸ் 2022-ல் ஆஸ்கர் வாங்கினார்.

ரீட்டா சொன்னதை மகள் தமிழில் எனக்குச் சொல்லச் சொல்ல, என் கை மேல் அந்தப் பொண்ணின் கை பட்ட குளிர்ச்சி ஞாபகம் வந்தது. 1961-ல் வந்த படத்துக்கு அமெரிக்காவில் தீற்றிய கோடு. செம்பரம்பாக்கத்தில் இப்போது தீற்றுகிற கோடு.

மாற்றமே வரவில்லை என்று நான் சொன்னால் அது பொய். ஆவடிப் பக்கம் கரலப்பாக்கம் எங்களுக்குத் தூரமில்லை. அந்த ஊரில் பிறந்து, எழும்பூர் பக்கம் அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவர் பா. இரஞ்சித். அவர் 2012-ல் 'அட்டகத்தி' எடுத்தபோது எங்கள் பேச்சு, எங்கள் பஸ், எங்கள் சாவு வீட்டு ஆட்டம் எல்லாம் முதல் தடவையாக யாருடைய சிரிப்புக்காகவும் இல்லாமல் திரையில் வந்தன. 2014-ல் 'மெட்ராஸ்'. ஹவுசிங் போர்டு பையன் காளி ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறான். வீட்டில் எங்கள் பாஷை பேசுகிறான். படிப்பும் அந்தப் பாஷையும் ஒரே வாயில் இருக்க முடியும் என்று சினிமா ஒத்துக்கொண்டதைப் பார்க்க எனக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது. படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.

'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் பரியனின் அப்பாவாக வந்த நெல்லை தங்கராஜ், பெண் வேஷம் கட்டி ஆடுகிற நாட்டுப்புறக் கலைஞர். மாரி செல்வராஜ் அந்த வேஷத்துக்கு ஒரு நடிகரைக் கொண்டுவந்து ஆடக் கற்றுக்கொடுத்திருக்கலாம். ஆடுகிற மனிதரையே கூப்பிட்டார். அந்தக் கால்களை வேறு யார் மேலும் பூச முடியாது. படம் பேர் வாங்கியது. அதற்குப் பிறகும் அவர் வறுமையில் இருந்தார். 2023 பிப்ரவரியில் இறந்துபோனார். அவர் முகத்தைப் போஸ்டரில் பார்த்தபோது காது மடிப்பில் சாயம் ஒட்டியிருக்கிறதா என்று என் கண் தானாகத் தேடியது.

கேரவனில் நான் கையை நீட்டிய அந்தப் படத்தில் பாஷை வேலை 20 நாள். செட்டில் ஒரு சந்து போட்டிருந்தார்கள். சுவரில் ஈரம் ஊறின மாதிரி கறை அடித்திருந்தார்கள். ஒரு குழாயடி, கலர் கலராகப் பிளாஸ்டிக் குடம். அந்தப் பொண்ணு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "இன்னாபா, குந்து," என்று சொல்ல வேண்டும். பத்து டேக் ஆகியும் "குந்து" சரியாக வரவில்லை. "கு" பலமாக விழுந்தது. நான் போய் மெதுவாகச் சொல்லிக்கொடுத்தேன். வீட்டுக்கு வந்த மனுஷனைத் திண்ணையில் உட்காரச் சொல்கிற சொல்லம்மா அது, அதட்டுகிற சொல் இல்லை. எங்க அம்மா அதைச் சொன்னால் பாதித் தண்ணி தாகம் அதிலேயே தீர்ந்துவிடும் என்றேன். அவள் கண்ணை மூடி ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அடுத்த டேக் ஓகே. யூனிட்டே கை தட்டியது. அவளுக்காக எனக்கும் சந்தோஷம்தான். ஆறு அடி வாங்கிய சொல், சம்பளம் வாங்கிக் கொடுக்கிறது. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. என் நாக்கு வேண்டியிருக்கிறது, என் தோலின் நிறம் வேண்டியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிற ஆள் ஜன்னல் பக்கம் நிற்கிறேன்.

மகளுக்குக் கடைசி வருஷம். குறும்படம் ஒன்று எடுத்துக் கொடுக்க வேண்டும். தையில் ஒருநாள், "ப்பா, நீதான் நடிக்கணும். ஹெட்மாஸ்டர்," என்றாள். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு டியூஷன் சென்டரை வாங்கி, அதில் ஒரு மேஜை, ஒரு மரநாற்காலி, பின்னால் உலக வரைபடம். அவள் ஃபிரெண்ட் ஒருத்தி கேமரா. மேக்கப் என்று ஒரு பையன் பவுடர் டப்பாவோடு வந்தான். மகள் அவனை வேண்டாம் என்று நிறுத்திவிட்டாள். என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள். உட்கார்ந்ததும் எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நின்றே பழகின கை. நைனா பெஞ்சில் உட்காரும்போது வலது உள்ளங்கையைத் தொடைமேல் விரித்து வைப்பார். அதை நினைத்து வைத்துக்கொண்டேன். நின்றது.

சீன் இதுதான்: ஃபீஸ் கட்டாமல் வெளியே நிற்கிற பையனைக் கூப்பிட்டு ஹெட்மாஸ்டர் பேச வேண்டும். முதல் டேக்கில், "உள்ளே வாப்பா. உட்கார்," என்றேன்.

"கட். ப்பா, ஏன் நியூஸ் வாசிக்கிற?"

"ஹெட்மாஸ்டர்ல?"

"ஹெட்மாஸ்டர் எந்த ஊரு?"

"நசரத்பேட்டை."

"அப்ப எப்படிப் பேசுவாரு?"

இரண்டாவது டேக்கும் "உட்கார்" என்றே வந்தது. மூன்றாவதிலும் அதே. வாய் வரை வருகிறது, குழாயடித் தண்ணியின் துருப்பிடித்த ருசியும் கூடவே வருகிறது. மகள் கோபப்படவில்லை. கேமராவை விட்டு வந்து, என் சட்டைக் காலரைச் சரிசெய்து, நெற்றி வியர்வையைத் துப்பட்டாவால் ஒற்றிவிட்டுப் போனாள். ரோட்டில் லாரி போகிற சத்தம் அடங்குகிறவரை எல்லாரும் காத்திருந்தோம்.

பையன் கதவோரம் வந்து நின்றான். கை இரண்டும் பின்னால். எதிரில் இருந்த ஸ்டூலைக் காலால் அவன் பக்கம் நகர்த்தினேன்.

"குந்து ராஜா," என்றேன்.